ஒரு கம்பி, ஒரு பலகை, ஒரு வார இறுதி: குடும்பத்தோடு சூரியக் கடிகாரம் செய்து, அதை நட்சத்திரத்தால் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

அறிவியல் பொழுதுபோக்கில் மூழ்குபவர்கள் வார இறுதியில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட, வீட்டில் மற்றவர்கள் இன்னொரு பக்கம் இருப்பது வழக்கம். சூரியக் கடிகாரத்தில் அப்படி நடக்காது. வேலை சிறு சிறு துண்டுகளாக நாள் முழுக்கப் பரவிக் கிடக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து போய் ஒரு புள்ளி வைத்துவிட்டு வரவேண்டும், மற்ற நேரமெல்லாம் பேச்சுக்கும் ஓய்வுக்கும் இடம் உண்டு. பகலில் நிழல் காட்டும் அதே கம்பி, இரவில் வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தப் புள்ளியைக் காட்டி நிற்கும். அதைக் கண்ணால் பார்ப்பதுதான் இந்த இரண்டு நாளின் உச்சம்.

தெளிவான வானமும், பகலில் வெயிலும் இரவில் துருவத் திசையும் மறைக்காத ஓர் இடமும் வேண்டும். வெளியூரில் திறந்தவெளி உள்ள இடத்தில் இரண்டு நாளும் தங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பகல் வேலையை வீட்டு மாடியில் வைத்துக்கொண்டு, இரவுக்கு மட்டும் விளக்கொளி குறைந்த இடத்துக்குக் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம். வடக்கு-தெற்காக 111 கி.மீ. போனால்தான் அட்சரேகை 1° மாறும். அருகிலுள்ள இடத்துக்குப் போவதால் கணக்கு கெடாது. தேதியைத் தேர்வு செய்யும்போது அமாவாசைக்கு அக்கம்பக்கத்து சனிக்கிழமையாகப் பாருங்கள்.

வெள்ளி இரவு: இருபது நிமிட வேலை

போனில் வரைபடச் செயலியைத் திறந்து உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரை டிகிரி துல்லியம் போதும். பிறகு இவற்றை எடுத்து வையுங்கள்:

20 செ.மீ. சதுரப் பலகை, 10 மி.மீ. தடிமனில். பிளைவுட் நல்லது. ஃபோம் போர்டு என்றால் 5 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம்.
3 மி.மீ. தடிமனுள்ள நேரான உலோகக் கம்பி. அலுமினியப் பின்னல் ஊசி இதற்கென்றே செய்தது போல இருக்கும். மூங்கில் குச்சி வேண்டாம், பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.
பாகைமானி, மூலைமட்டம், அளவுகோல், ரசமட்டம், எபாக்ஸி பசை.
நிமிர்த்தி நிறுத்த 1 மீட்டர் குச்சி, நூலில் கட்டிய ஒரு கனமான பொருள், சாக்பீஸ்.
பைனாகுலர், போனுக்கு ட்ரைபாட், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்.

சனி காலை: முதலில் குச்சியை நடுங்கள்

கடிகாரம் செய்ய உட்காருமுன் இதை முடித்துவிடுங்கள். பலரும் பலகையை அறுத்து, கோடு வரைந்து, பதினொரு மணிக்குத் திசை தேட ஆரம்பிப்பார்கள். அதற்குள் காலைப் பாதி போயிருக்கும்.

சமதளத்தில் 1 மீட்டர் குச்சியை நிறுத்தி, இரண்டு பக்கங்களிலிருந்து தூக்குநூலைப் பிடித்துப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒன்பது மணியளவில் தொடங்கி, கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுத வேண்டும். இந்தப் பொறுப்பை வீட்டின் மிகச் சிறியவரிடம் கொடுங்கள். அலாரம் அடித்ததும் ஓடிப்போய்ப் புள்ளி வைக்கும் வேலையைக் குழந்தைகள் விடாமல் செய்வார்கள். பெரியவர்கள்தான் மறப்பார்கள்.

பிற்பகல் மூன்று மணி வரை இது நடக்கட்டும். பிறகு குச்சியின் அடியை மையமாக வைத்து ஒரு கயிற்றால் வட்டம் போடுங்கள். காலைப் புள்ளிகளின் பாதையை அது ஓரிடத்திலும், மாலைப் புள்ளிகளின் பாதையை இன்னோரிடத்திலும் வெட்டும். அந்த இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு-மேற்கு. அதன் நடுப்புள்ளியையும் குச்சியின் அடியையும் இணைத்தால் உண்மையான வடக்கு-தெற்கு கிடைத்துவிடும். காந்த திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கை. இடத்தைப் பொறுத்து அது பல டிகிரி விலகும். போனிலுள்ள திசைகாட்டி பக்கத்தில் இரும்புக் கம்பி இருந்தாலே தடுமாறும். நிழலுக்கு அந்தக் குறை கிடையாது. நடுவில் மேகம் வந்து சில புள்ளிகள் தவறினாலும் பாதகமில்லை, பாதையை வரைந்து வேறு அளவில் வட்டம் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் புள்ளிகளிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. சம நீளமுள்ள காலை நிழலின் நேரத்துக்கும் மாலை நிழலின் நேரத்துக்கும் நடு நேரமே உங்கள் இடத்தின் உண்மையான நண்பகல். நிழல் மிகக் குட்டையாகும் கணத்தைக் கண்ணால் பிடிக்கப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் நீளம் மிக மெதுவாக மாறும், ஐந்து பத்து நிமிடம் எளிதில் பிசகும். நண்பகல் நிழலின் நீளத்தையும் அளந்து எழுதி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேவைப்படும்.

கடிகாரம் செய்தல்

நாம் செய்வது நிலநடுக்கோட்டு வகைக் கடிகாரம். பலகை பூமியின் நடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாகவும், கம்பி பூமியின் அச்சுக்கு இணையாகவும் நிற்கும். சூரியன் ஒரு மணிக்கு 15° நகர்கிறது. அதனால் மணிக்கோடுகள் எல்லாம் சரியாக 15° இடைவெளியில் விழும். தரையில் படுத்திருக்கும் வகையில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனிக் கணக்குப் போட வேண்டும், முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாத சுமை.

பலகையின் கீழ் விளிம்பிலிருந்து குறிப்பிட்ட உயரத்தில், இடம் வலம் நடுவில் துளை போட வேண்டும். அட்சரேகை 25°க்குக் குறைவு என்றால் உயரம் 6 செ.மீ., அதற்கு மேல் என்றால் 10 செ.மீ. துளையைக் கம்பியைவிட ஒரு நூலளவு சிறிதாகப் போட்டு, கம்பியை இறுக்கிச் செலுத்துங்கள்.

இப்போது முக்கியமான அளவு. பலகையின் அடிப்பக்கத்திலிருந்து கம்பியின் கீழ் நுனி வரை எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்? துளையின் உயரத்தை அட்சரேகையின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் விடை. துளை 6 செ.மீ. உயரத்தில் இருந்தால், 8°க்கு 42.7 செ.மீ., 10°க்கு 34.0, 13°க்கு 26.0, 15°க்கு 22.4, 20°க்கு 16.5. துளை 10 செ.மீ. உயரத்தில் என்றால், 30°க்கு 17.3 செ.மீ., 40°க்கு 11.9, 50°க்கு 8.4. கம்பி குட்டையாக இருந்தால் துளையின் உயரத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பலகையின் கீழ் விளிம்பும் கம்பியின் நுனியும் தரையைத் தொட்டு, தாங்கி எதுவும் இல்லாமலே கம்பி சரியான சாய்வில் நிற்கும். 5°க்கும் குறைவான அட்சரேகையில் கம்பி மிக நீளமாகிவிடும். அங்கே அதைக் கிட்டத்தட்டப் படுக்கையாக இரண்டு கட்டைகள் மேல் வைத்துவிடுவதே சரி.

பலகையின் மேல்பக்கத்தில் கம்பி 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். சூரியன் நடுக்கோட்டிலிருந்து 23.4°க்கு மேல் விலகுவதில்லை. ஆகவே 10 செ.மீ. தள்ளியுள்ள எண்ணை எட்ட 4.5 செ.மீ. கம்பியே போதுமானது.

கம்பி பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை இரண்டு திசைகளில் வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டுப் பசை போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிடிமானத்துக்காகத் துளையைச் சுற்றித் தக்கையோ கட்டையோ ஒட்டாதீர்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் பலகையை உரசியபடி ஒளி வீசும், அப்போது 3 மி.மீ. மேடுகூடப் பல செ.மீ. நிழல் போட்டு எண்களை மூடிவிடும். மெல்லிய பசைக்கோடு மட்டும் போதும்.

கோடுகளை இரண்டு பக்கமும் வரைய வேண்டும். வட அரைக்கோளத்தில் மார்ச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் சம இரவு நாள் வரை மேல்பக்கத்தில் வெயில் படும், மற்ற ஆறு மாதம் அடிப்பக்கத்தில். நண்பகல் 12 மணிக்கோடு இரு பக்கமும் துளையிலிருந்து நேராகக் கீழே இறங்கும். மேல்பக்கத்தை நேராகப் பார்த்தபடி நின்றால் காலை 6 வலப்புறம், மாலை 6 இடப்புறம், எண்கள் சாதாரணக் கடிகாரம் போல வலஞ்சுழியாகப் போகும். அடிப்பக்கத்தில் எல்லாம் எதிர்ப்புறம்: காலை 6 இடப்புறம், எண்கள் இடஞ்சுழி. ஒரு பக்கத்தைப் பார்த்து அப்படியே மறுபக்கத்தில் பிரதி எடுத்தால் கடிகாரம் பின்னோக்கி ஓடும். தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு வரிசையும் மாதங்களும் மாறிவரும், மேல்பக்கம் இடஞ்சுழி.

ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் 7.5°யில் அரைமணிக் கோடு ஒன்று. 10 செ.மீ. தள்ளி 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 2.3 நிமிடம், ஆகவே கூரான பென்சில் வேண்டும். எண்களுக்கு வண்ணம் தீட்டுவது, எழுத்தை அழகாக்குவது எல்லாம் வீட்டில் கை நேர்த்தி உள்ளவர் பொறுப்பு. அவசரம் வேண்டாம், நிழல் புள்ளிகள் மூன்று மணிக்குத்தான் முடியும்.

பிற்பகல்: நிறுத்துதல், பிறகு தூக்கம்

சாக்பீஸ் கோட்டின் மேல் கடிகாரத்தை வையுங்கள். கம்பியின் கீழ் நுனி தெற்கிலும் மேல் நுனி வடக்கிலும் (தென் அரைக்கோளத்தில் இதற்கு நேர்மாறாக), கம்பி கோட்டுக்கு நேர் மேலேயும் இருக்க வேண்டும். தளம் சமமா என்று ரசமட்டத்தால் பாருங்கள், தேவைப்பட்டால் கீழே காகிதம் மடித்து வையுங்கள். நிழலின் நடுவை வாசியுங்கள், ஓரத்தை அல்ல. சூரியனுக்கே அரை டிகிரி அகலம் இருப்பதால் நிழலின் ஓரம் எப்போதும் மங்கியிருக்கும். கம்பி வழியாகச் சூரியனைக் குறிபார்க்க யாரையும் விடாதீர்கள். பைனாகுலர் பகலில் பைக்குள்ளேயே இருக்கட்டும். அதன் வழியே ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் கண் நிரந்தரமாகக் கெடும்.

அதன்பிறகு எல்லோரும் ஒரு தூக்கம் போடுவது இந்தத் திட்டத்தின் ஒரு படிதான். குழந்தைகளும் முதியவர்களும் இரவு பத்து மணிக்கு உற்சாகமாக இருக்க வேண்டும் என்றால் இதைத் தவிர்க்க முடியாது.

சனி இரவு: கம்பியின் மறுமுனை

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்கிடையில் யாராவது போன் திரையை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே திரை வெளிச்சத்தை மிகக் குறைத்து, டார்ச் சிவப்பு மட்டுமே என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான ஒளியில் வேலை செய்யும் கண் செல்களைச் சிவப்பு மிகக் குறைவாகவே தொந்தரவு செய்கிறது.

துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க, சப்தரிஷி மண்டலத்தின் கிண்ணத்தில் கைப்பிடிக்கு எதிர்ப்புற விளிம்பிலுள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, கிண்ணத்தின் வாய்ப்பக்கமாக அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டுங்கள். அந்த மண்டலம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் மாதங்களில், எதிர்ப்பக்கத்தில் கோணலான ஐந்து நட்சத்திரங்களுடன் காசியோபியா உயர்ந்திருக்கும். துருவ நட்சத்திரம் அவ்வளவு பிரகாசமானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பலரும் வானிலேயே பிரகாசமானதைத் தேடி ஏமாறுவார்கள். அதன் உயரமே உங்கள் அட்சரேகை. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10°, சுண்டுவிரல் 1°. அட்சரேகை 10° அளவே உள்ள இடங்களில் அது அடிவானத்துக்கு ஒரு முட்டி மேலேதான் இருக்கும். மூட்டமும் மரங்களும் எளிதில் மறைத்துவிடும், வடக்கு திறந்திருக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

கடிகாரத்தைச் சமமான மேஜை மேல் வைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து, கம்பியின் கீழ் நுனிப்பக்கம் கண்ணை வைத்து, கம்பி வழியே மேலே பாருங்கள். பலகை மறைத்தால் கண்ணைச் சற்றே ஒதுக்கி, கம்பிக்கு இணையாகப் பார்க்கலாம். பகலில் நிழலைக் கொண்டு நிறுத்திய கம்பி துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்கும். அந்த நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து 1°க்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. புது இடத்துக்கு வந்திருந்தால் இதையே திசைகாட்டியாக வைத்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தென் அரைக்கோளத்தில் இப்படிப்பட்ட நட்சத்திரம் இல்லை. தென்சிலுவையின் நீண்ட அச்சை அடிப்பக்கமாக நாலரை மடங்கு நீட்டினால் துருவம் வரும்.

இப்போது போனை ட்ரைபாடில் மாட்டி, கம்பிக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, கம்பி நோக்கும் திசையிலேயே திருப்பி வையுங்கள். கைமுறைப் பயன்முறை, குவியம் முடிவிலி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 முதல் 1600, ஒவ்வொரு படமும் 15 முதல் 20 வினாடி, இடையில் இடைவெளி ஒரு வினாடிக்கு மேல் போகக்கூடாது. ஏரோபிளேன் மோடு கட்டாயம், ஒரு அழைப்பு வந்தால் தொடர் அறுந்துவிடும். ஒரு மணி நேரம் ஓடினால் நட்சத்திரங்கள் 15° வில்லாக நகர்ந்திருக்கும். ஏதாவது ஒரு படத்தின்போது மட்டும் சிவப்பு டார்ச்சைக் கம்பி மேல் இரண்டு வினாடி காட்டுங்கள். ஞாயிறன்று இந்தப் படங்களை, ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமுள்ளதை எடுத்துக்கொள்ளும் முறையில் ஒன்றாக அடுக்கினால், வில்கள் எல்லாம் கம்பி காட்டும் புள்ளியைச் சுற்றி வளைந்திருக்கும். படம் முழுக்க மங்கினால் காரணம் பெரும்பாலும் லென்ஸில் படிந்த பனி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

அந்த ஒரு மணி நேரம் பைனாகுலருக்கு. 7×50 அல்லது 10×50 நல்லது (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.யில்). 10×50 அதிகம் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், முழங்கையை எதன் மீதாவது ஊன்ற வேண்டும். சாய்வு நாற்காலி இருந்தால் முதியவர்களுக்குக் கழுத்து வலிக்காது. கைமாறும்போது ஒவ்வொருவரும் திரும்பச் சரிசெய்ய வேண்டும்: முதலில் இரு குழல்களின் இடைவெளியைக் கண்ணுக்கேற்பக் குறைத்தோ கூட்டியோ ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். பிறகு வலக் குழலை மூடி நடுத்திருகால் இடக்கண்ணுக்கு, அதன்பின் வலக் கண்ணாடி வளையத்தால் வலக்கண்ணுக்கு. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் பத்தில் எட்டு முறை இந்தப் படி தவறியிருக்கும்.

எதைப் பார்ப்பது? டிசம்பர் முதல் மார்ச் வரை கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு ஆறேழு, பைனாகுலரில் பல டஜன். அதே வேளையில் ஓரியனின் வாளில் மங்கிய மேகம் போன்ற நெபுலா. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சப்தரிஷி மண்டலக் கைப்பிடியின் வளைவை நீட்டிப் போனால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. கைப்பிடியின் நடு நட்சத்திரமான வசிஷ்டரை ஒட்டி அருந்ததி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கேட்டைக்குக் கிழக்கே பால்வெளியின் அடர்ந்த பகுதியில் சும்மா மெதுவாக உலாவுங்கள். அக்டோபர், நவம்பரில் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள்: 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் மங்கலான நீள்வட்ட ஒளி. நேராகப் பார்த்தால் மறையும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தெரியும்.

வியாழன் தெரிந்தால் விடாதீர்கள். ஊன்றிப் பிடித்த 10×50யில் அதன் பக்கத்தில் ஒரே வரிசையில் சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும், கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட நான்கு நிலவுகள். ஆளுக்கொரு தாளில் வரையுங்கள். ஞாயிறு இரவு அதே நேரத்தில் மீண்டும் வரைந்து ஒப்பிட்டால் வரிசை மாறியிருக்கும்.

ஞாயிறு: நேரம் ஏன் ஒத்துவரவில்லை?

கடிகாரம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. சூரியக் கடிகாரம் காட்டும் நேரத்தில் இரண்டு திருத்தங்கள் செய்தால் கைக்கடிகார நேரம் வரும்.

முதலாவது தீர்க்கரேகை. உங்கள் நேர மண்டலம் உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி விலகியதோ அதை 15ஆல் பெருக்குங்கள், அது மண்டலத்தின் நடுக்கோடு. அதற்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் 4 நிமிடம் கூட்டுங்கள், கிழக்கே என்றால் கழியுங்கள். 3° மேற்கு என்றால் 12 நிமிடம் கூடும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்நகர்த்தும் நாடுகளில் இன்னும் ஒரு மணி கூடும்.

இரண்டாவது தேதி. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. பிப்ரவரி 11 அளவில் 14 நிமிடம் கூட்ட வேண்டும். மே நடுவில் ஏறக்குறைய 4 கழிக்க வேண்டும். ஜூலை 26 அளவில் 6½ கூட்ட வேண்டும். நவம்பர் 3 அளவில் 16 கழிக்க வேண்டும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டித் திருத்தம் பூஜ்யம். இடைப்பட்ட நாள்களுக்குத் தோராயமாக இடைமதிப்பு எடுத்துக்கொள்ளலாம்.

திருத்திய பிறகு 5 நிமிடத்துக்குள் வந்தால் சிறப்பான வேலை. வராவிட்டால் பிழையே காரணத்தைச் சொல்லும். நாள் முழுக்க ஒரே அளவில் பிழை என்றால் கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கும் அல்லது பலகை கம்பியைச் சுற்றித் திரும்பியிருக்கும். சனிக்கிழமை கண்டுபிடித்த நண்பகல் நேரத்தோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். நண்பகலில் சரியாகவும் காலை, மாலையில் எதிரெதிராகவும் பிழை வந்தால் கம்பியின் சாய்வு தவறு, கீழ்நுனி நீளத்தை மறுபடி அளங்கள்.

தூரத்து உறவுகளோடு பூமியை அளத்தல்

வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அண்ணனோ மகளோ நண்பரோ இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில் அவர்களும் 1 மீட்டர் குச்சியை நிறுத்தித் தங்கள் நண்பகல் நிழலை அளக்க வேண்டும். நிழல் நீளத்தைக் குச்சி நீளத்தால் வகுத்து, போன் கால்குலேட்டரில் எதிர் டேன்ஜென்ட் எடுத்தால் கோணம் வரும். 36.4 செ.மீ. நிழல் என்றால் 20°. இருவரின் நிழலும் ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழியுங்கள், எதிர்ப்பக்கம் என்றால் கூட்டுங்கள். இடைவெளியில் வடக்கு-தெற்குப் பங்கை மட்டும் எடுத்து, 360ஆல் பெருக்கி, கோண வித்தியாசத்தால் வகுத்தால் பூமியின் சுற்றளவு. 670 கி.மீ., 6° என்றால் 40,200 கி.மீ. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு ஏறக்குறைய 40,000. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் 7.2° வித்தியாசத்தைக் கொண்டு செய்த அதே கணக்கு. நிழலில் 1 செ.மீ. தவறினால் கோணத்தில் அரை டிகிரி போகும். எனவே 300 கி.மீ.க்கும் குறைவான இடைவெளியில் முயன்றால் விடை மோசமாகத் தள்ளாடும். நிழலின் நுனி மங்கலாக இருந்தால் குச்சி உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை வைத்து, தரையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவை அளக்கச் சொல்லுங்கள்.

கடிகாரத்தை வெளியிலேயே விட விரும்பினால் பிளைவுட்டின் அறுத்த விளிம்புகளுக்கும் துளைக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள், ஈரம் முதலில் அங்கேதான் ஏறும். மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாள்களை ஒட்டி ஒரு வாரம் முன்னும் பின்னும் வெயில் பலகையின் விளிம்போடு ஓடுவதால் எந்தப் பக்கமும் தெளிவாக வாசிக்க முடியாது. அந்த நாள்கள் கடந்ததும் மறுபக்கத்து எண்களில் நிழல் விழத் தொடங்கும்.